வேலியோரத்து மருந்துகள்: மூலிகையிடம் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அன்றாடம் பார்க்கும் செடிகொடிகளின் வியப்பூட்டும் மருத்துவப் பயன்களைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். திருச்சியில் இந்தத் தலைப்புக்குப் பொருள் தேடி அலைய வேண்டியதில்லை. தென்னூர் உழவர் சந்தைக்குப் போனால் முடக்கத்தானும் வல்லாரையும் தூதுவளையும் கட்டுக்கட்டாகக் கிடைக்கும். நாட்டு மருந்துக் கடைக்குப் போய்ப் பெயர் சொன்னால் போதும், பொட்டலம் கைக்கு வந்துவிடும். ஸ்ரீரங்கத்து வீதிகளில் வாசலோரம் நித்தியகல்யாணி தானாகப் பூத்து நிற்கும்.

செடிகளை விட வேகமாக வளர்வது அவற்றைப் பற்றிய செய்திகள். காலையில் கைப்பேசியைத் திறந்தால் ஒரு மூலிகை வந்திருக்கும். அது சர்க்கரையைக் குறைக்கும், சிறுநீரகக் கல்லைக் கரைக்கும், புற்றுநோயை விரட்டும், முடியையும் வளர்க்கும். எல்லா நோய்க்கும் மருந்து என்று சொல்லப்படும் பொருளைப் பார்த்தால் எனக்கு முதலில் சந்தேகம்தான் வரும். ஆனால் நான் மூலிகைகளைக் குறை சொல்ல வரவில்லை. இந்தச் செடிகளிடம் மெய்யாகவே இருக்கும் ஆற்றல், அந்தச் செய்திகளில் வருவதை விட அதிக வியப்பானது. அந்த வியப்பு நமக்குக் கிடைக்க வேண்டுமானால் ஐந்து கேள்விகள் கேட்க வேண்டும்: எந்தச் செடி, எந்தப் பகுதி, என்ன பக்குவம், எவ்வளவு, யாருக்கு?

இவை ஆய்வுக்கூடம் வந்த பிறகு முளைத்த கேள்விகள் என்று யாரும் நினைக்க வேண்டாம். நம் வைத்தியர்கள் கேட்ட கேள்விகள்தாம் இவை. நாம் மூலிகையை மட்டும் எடுத்துக்கொண்டு கேள்விகளை அவர்களிடமே விட்டுவிட்டோம்.

அரங்கன் கோயில் ஆரோக்கியசாலை

அதற்குச் சான்று நம் ஊரிலேயே இருக்கிறது. ஸ்ரீரங்கம் பெரிய கோயிலில் தன்வந்திரி சன்னதியை வணங்காதவர் இந்த அவையில் குறைவு. அதன் பின்னால் ஒரு மருத்துவமனையின் வரலாறு உண்டு. ஹொய்சள மன்னன் வீர ராமநாதன் இன்று நாம் சமயபுரம் என்று சொல்லும் கண்ணனூரிலிருந்து ஆண்ட காலத்தில், 1257ஆம் ஆண்டளவில், அவனுடைய தளபதி சிங்கண்ண தண்டநாயகன் கோயிலில் ஓர் ஆரோக்கியசாலை அமைத்தான். அதன் பொறுப்பு கருடவாகன பண்டிதர் மரபினரிடம் இருந்தது. பதினான்காம் நூற்றாண்டுப் படையெடுப்புகளில் அது சிதைந்தது. பிறகு 1493இல் அதே மரபில் வந்த ஸ்ரீரங்கம் கருடவாகன பட்டர் அதைப் புதுப்பித்து, தன்வந்திரி எம்பெருமானையும் எழுந்தருளப் பண்ணினார் என்று கல்வெட்டு சொல்கிறது.

காஞ்சிபுரத்துக்கு அருகில் உள்ள திருமுக்கூடலில், வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு இன்னும் விரிவாகப் பேசுகிறது. பதினோராம் நூற்றாண்டில் அங்கே 15 படுக்கைகளோடு ஓர் ஆதுலர் சாலை நடந்தது. மருத்துவருக்குத் தனிக் கூலி. அறுவை செய்பவருக்குத் தனிக் கூலி. மூலிகை பறித்து வந்து, விறகு சேர்த்து, மருந்து காய்ச்சுவோருக்கு வேறு கூலி. நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்களும் உண்டு. ஓராண்டுக்கு இருப்பில் வைக்க வேண்டிய அரிட்டங்கள், தைலங்கள், நெய்கள் பெயர் பெயராகக் கல்லில் வெட்டப்பட்டிருக்கின்றன.

இந்த ஏற்பாட்டில் நான் கவனிப்பது பொறுப்பைப் பங்கிட்டிருக்கும் முறையை. செடியைப் பறிப்பவர் ஒருவர், பக்குவம் செய்பவர் ஒருவர், நோயாளியைப் பார்த்து இன்ன மருந்து என்று முடிவு செய்பவர் ஒருவர். தவறு நேர்ந்தால் யாரைக் கேட்பது என்பது ஊருக்குத் தெரியும். இன்று இந்த மூன்று வேலையையும் ஒரே ஆள், நோயாளியே, செய்துகொள்கிறார். அவருக்குத் துணை ஒரு காணொளி.

முதல் கேள்வி: எந்தச் செடி?

கீழாநெல்லி தெரியாத தமிழர் யார்? மஞ்சள் காமாலை என்றால் கை தானாக அந்தச் செடியைத் தேடும். ஆனால் மழை பெய்து பத்து நாள் கழித்து நம் கல்லூரி மைதானத்தின் ஓரத்தில் உட்கார்ந்து பாருங்கள். ஒரு முழ இடத்துக்குள் கீழாநெல்லி என்று சொல்லத்தக்க செடிகள் இரண்டு மூன்று இருக்கும். ஒன்றில் தண்டு பச்சையாக இருக்கும். இலைக்காம்பின் அடியில் வழவழப்பான சிறு காய்கள் மெல்லிய காம்பில் தொங்கும். இன்னொன்றில் தண்டில் செம்மை ஓடும். காய்க்குக் காம்பே இல்லாததுபோல் ஒட்டியிருக்கும், தொட்டால் சொரசொரக்கும். இரண்டும் ஒரே பேரினம், வேறு வேறு சிற்றினம். மருந்துக் கடையில் காய்ந்து நொறுங்கிய பிறகு இரண்டுக்கும் வேறுபாடு சொல்ல என்னைப் போன்று தாவரவியல் சொல்லிக்கொடுத்தவனுக்கே கைக்குள் வைக்கும் உருப்பெருக்கி வேண்டும்.

நிலவேம்புக் குடிநீரில் சேரும் ஒன்பது சரக்குகளில் ஒன்று பர்ப்பாடகம். தமிழ்நாட்டில் இந்தப் பெயரில் விற்கும் செடி ஒன்று, கேரளத்தில் வழங்கும் செடி வேறொன்று, வட இந்திய ஆயுர்வேதக் கடைகளில் கிடைக்கும் செடி மூன்றாவது. பெயரைச் சொல்லி வாங்கினால் பெயர்தான் கிடைக்கும், பொருள் கிடைக்குமா என்பது கடைக்காரரின் கையில் இருக்கிறது.

இதில் என்ன பெரிய ஆபத்து என்று கேட்கலாம். 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் நகரில், உடல் இளைக்க மருந்து சாப்பிட்ட பெண்களுக்கு அடுத்தடுத்துச் சிறுநீரகம் செயலிழந்தது. பாதிக்கப்பட்டோர் ஏறத்தாழ நூறு பேர். சீனத்திலிருந்து வந்த ஒரு வேருக்குப் பதிலாக, ஏறக்குறைய அதே பெயருள்ள வேறொரு வேர் மருந்தில் கலந்துவிட்டது. அது அரிஸ்டோலோக்கியா என்ற பேரினம். அதில் உள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தைச் சிதைப்பதோடு புற்றுநோயையும் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை உறுதிப்படுத்தியிருக்கிறது. அதே பேரினத்தைச் சேர்ந்த செடி நம் கரிசல் காட்டு வரப்புகளிலும் உண்டு. ஊரில் அதன் பெயர் ஆடுதீண்டாப்பாளை. ஆடு எட்டிப் பார்த்துவிட்டு ஒதுங்கிப் போகும் செடியைக் கஷாயம் வைத்துக் குடிக்கும் துணிச்சல் மனிதனுக்கு மட்டும்தான்.

செடியை அடையாளம் காணும் கலையில் திருச்சிக்கு உலகப் பெயர் உண்டு. தூய வளனார் கல்லூரியில் பிரெஞ்சு இயேசு சபைத் துறவியும் தாவரவியலாளருமான ராப்பினாட் அவர்களின் பெயரால் 1967இல் தொடங்கிய உலர்தாவரக் காப்பகத்தை உருவாக்கியவர் அருட்தந்தை கே. எம். மேத்யூ. தமிழ்நாட்டுச் சமவெளியையும் அதையொட்டிய குன்றுகளையும் தம் மாணவர்களோடு கால் தேய நடந்து, செடி செடியாகச் சேகரித்து, 1981 முதல் 1988 வரை தமிழ்நாட்டுக் கர்நாடகப் பகுதியின் தாவரத் தொகுதியை வெளியிட்டார். அந்தக் காப்பகத்தில் ஒரு தாளை எடுத்துப் பார்த்தால் அழுத்தி உலர்த்திய செடி, அதன் பூ, காய், பறித்த ஊர், தேதி, பறித்தவர் பெயர் எல்லாம் இருக்கும். ஐம்பது ஆண்டு கழித்து ஒருவர் வந்து "நீங்கள் சொன்ன செடி இதுதானா?" என்று கேட்டால் பதில் சொல்ல முடியும். மூலிகை ஆய்வு எதுவாக இருந்தாலும் இந்தத் தாளிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

இரண்டாம் கேள்வி: எந்தப் பகுதி?

காவிரியின் இரு கரையிலும் நமக்குச் சோறு போடும் பயிர்களில் ஒன்று வாழை. திருப்பைஞ்ஞீலியில் அது தலமரமாகவே நிற்கிறது. தேசிய வாழை ஆராய்ச்சி மையம் 1993 முதல் இங்கேதான் இயங்குகிறது. வாழையின் மருத்துவப் பயன் என்றவுடன் எல்லோரும் வாழைத்தண்டையும் சிறுநீரகக் கல்லையும் சொல்வார்கள். நான் சொல்லப் போவது வேறு இரண்டு.

முதலாவது வாழைக்காய். வங்கதேசத்தின் டாக்கா நகரில் உள்ள வயிற்றுப்போக்கு ஆய்வு மையத்தில், நாட்பட்ட பேதியால் வாடிய கைக்குழந்தைகளுக்குச் சாதக் கஞ்சியில் வேகவைத்த வாழைக்காயைச் சேர்த்துக் கொடுத்தார்கள். ஆய்வு 2001இல் வெளிவந்தது. நான்காம் நாளில், வாழைக்காய் சேர்ந்த கஞ்சி குடித்த குழந்தைகளில் ஐந்தில் நான்கு பங்கினர் தேறியிருந்தனர். வெறும் கஞ்சி குடித்தவர்களில் நான்கில் ஒரு பங்கினர்கூடத் தேறவில்லை. காரணம் எளிது. காயில் உள்ள மாவுச்சத்தின் ஒரு பகுதி சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போகிறது. அங்கே நுண்ணுயிர்கள் அதை நொதிக்கவைத்துச் சில கொழுப்பு அமிலங்களை உண்டாக்குகின்றன. அந்த அமிலங்கள் குடல் சுவர் உப்பையும் நீரையும் உறிஞ்ச உதவுகின்றன. காய் பழுத்துவிட்டால் அந்த மாவு சர்க்கரையாகிவிடும், இந்தப் பயன் பெரும்பாலும் போய்விடும். ஒரே மரம், ஒரே குலை. பத்து நாள் இடைவெளியில் மருந்து உணவாகிவிடுகிறது.

இரண்டாவது வாழையிலை. மும்பை மருத்துவர்கள் தோலின் மேலடுக்கில் தீப்பட்ட புண்களுக்கு, கிருமி நீக்கிய வாழையிலையைக் கட்டுத்துணிக்குப் பதிலாகப் பயன்படுத்திப் பார்த்து 2003இல் எழுதினார்கள். சாதாரணக் கட்டு புண்ணோடு ஒட்டிக்கொள்ளும். மாற்றும்போது நோயாளி துடிப்பார். வாழையிலையின் மேல் உள்ள மெழுகுப் பூச்சு ஒட்டவிடுவதில்லை. வலி குறைந்தது, செலவு மிகக் குறைந்தது. இலையில் சுடுசோறு ஏன் ஒட்டாமல் வழுக்குகிறதோ அதே காரணம்தான். கிருமி நீக்கிய இலை என்று சொன்னேன். கொல்லையிலிருந்து வெட்டி அப்படியே சுற்றுவது வேறு கதை.

பகுதி மாறினால் பயன் மாறும் என்பதற்கு நாவல் இன்னொரு பாடம். திருவானைக்காவில் ஜம்புகேசுவரருக்கு நிழல் தருவது வெண்ணாவல். சர்க்கரை நோய்க்கு நாவல் என்பது இங்கே பழைய பழக்கம், அதிலும் கொட்டைப் பொடி. பிரேசில் நாட்டு மக்கள் நாவல் இலையைத் தேநீராக்கிச் சர்க்கரை நோய்க்குக் குடிப்பார்கள். அந்நாட்டின் போர்த்து அலெக்ரி நகர ஆய்வாளர்கள் அந்த இலைத் தேநீரை முறையாகச் சோதித்தார்கள். இரத்தச் சர்க்கரை குறையவில்லை. இதை வைத்துக் கொட்டையும் பயனில்லை என்று சொல்ல முடியாது. கொட்டைக்கு நல்ல பெயர் இருக்கிறது என்பதற்காக இலையைக் காய்ச்சிக் குடிக்கவும் முடியாது. அந்தந்தப் பகுதிக்கு அந்தந்தச் சோதனை.

மூன்றாம் கேள்வி: என்ன பக்குவம்?

சித்த மருத்துவர் மருந்து கொடுத்தால் உடனே கேட்போம்: "எதில் குழைத்துச் சாப்பிடணும்?" தேனிலா, நெய்யிலா, வெந்நீரிலா, திரிகடுகோடா? அதற்கு அனுபானம் என்று பெயர். சுக்கு, மிளகு, திப்பிலி மூன்றும் சேர்ந்த திரிகடுகு எத்தனையோ மருந்துகளில் துணைக்கு வரும். துணைக்கு வருபவருக்கு என்ன வேலை என்று வெகுநாள் யாரும் கேட்கவில்லை.

ஜம்முவில் இருந்த மண்டல ஆராய்ச்சிக்கூடத்தில் சி. கே. அட்டல் என்ற மருந்தியலாளர் அந்தக் கேள்வியைக் கேட்டார். மிளகிலும் திப்பிலியிலும் உள்ள பைப்பரின் என்ற பொருள், கூடச் சேரும் மருந்து உடலில் சீக்கிரம் சிதைந்து வெளியேறாமல் தடுக்கிறது, இரத்தத்தில் அதன் அளவைக் கூட்டுகிறது என்று 1980களில் காட்டினார். அந்த ஆய்வின் தொடர்ச்சியாகக் காசநோய்க்கு ஒரு மாத்திரை வந்தது. வழக்கமாக 450 மில்லிகிராம் கொடுக்கும் ரிஃபாம்பிசின் மருந்தை 200 மில்லிகிராமாகக் குறைத்து, 10 மில்லிகிராம் பைப்பரினைச் சேர்த்தார்கள். ரசத்தில் தட்டிப் போடும் மிளகு காசநோய் மாத்திரைக்குள் போய் உட்கார்ந்த கதை இது.

மஞ்சளிலும் இதுவே நடந்தது. மஞ்சளின் குர்க்குமின் வயிற்றுக்குள் போனாலும் இரத்தத்தில் ஏறுவது மிகக் குறைவு. 1998இல் பெங்களூரு மருத்துவக் கல்லூரி ஒன்றின் ஆய்வாளர்கள் இரண்டு கிராம் குர்க்குமினோடு 20 மில்லிகிராம் பைப்பரின் சேர்த்துக் கொடுத்தபோது, இரத்தத்தில் சேர்ந்த அளவு இருபது மடங்கு ஆனது. சளிக்கு மஞ்சள் பால் காய்ச்சும் பாட்டி அதில் ஒரு சிட்டிகை மிளகுத்தூள் போட்டது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் இந்தக் கதைக்கு மறுபக்கம் உண்டு. மஞ்சளின் சாரத்தையும் பைப்பரினையும் செறிவாகச் சேர்த்து மாத்திரையாக விற்கிறார்கள். அவற்றைத் தினமும் விழுங்கிய சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு வந்ததை இத்தாலியிலும் அமெரிக்காவிலும் பதிவு செய்திருக்கிறார்கள். மிளகு மஞ்சளை மட்டும் தேர்ந்தெடுத்துக் காப்பாற்றுவதில்லை. நீங்கள் சாப்பிடும் மற்ற மாத்திரைகளையும் அது உடலில் அதிக நேரம் தங்கவைக்கக்கூடும். குழம்பில் போடும் மஞ்சளுக்கும் மிளகுக்கும் இந்தப் பயம் வேண்டாம்.

பக்குவத்தின் அருமைக்கு உலகறிந்த சான்று சீனத்திலிருந்து வருகிறது. து யூயூ என்ற பெண் ஆய்வாளர் மலேரியாவுக்கு மருந்து தேடியபோது, மாசிப்பத்திரி இனத்தைச் சேர்ந்த ஒரு செடி சில சமயம் வேலை செய்தது, சில சமயம் செய்யவில்லை. நான்காம் நூற்றாண்டில் கே ஹொங் எழுதிய வைத்தியக் குறிப்பில் அந்தச் செடியை நீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கச் சொல்லியிருந்தது, கொதிக்கவைக்கச் சொல்லவில்லை. சூட்டில் மருந்துப் பொருள் அழிகிறது என்று அவர் ஊகித்தார். குறைந்த வெப்பத்தில் கொதிக்கும் கரைப்பானால் சாரத்தை எடுத்தார். அர்ட்டிமிசினின் கிடைத்தது. 2015இல் நோபல் பரிசும் கிடைத்தது. பழைய ஏட்டை அவர் வேதவாக்காகவும் எடுத்துக்கொள்ளவில்லை, குப்பையென்று தள்ளவும் இல்லை. அதில் செய்முறை என்ன சொல்லியிருக்கிறது என்று வரி வரியாகப் படித்தார்.

நம் வேலியோரத்து ஆடாதோடையும் அப்படி ஒரு தொடக்கப்புள்ளி. அதன் இலையில் உள்ள வாசிசின் என்ற பொருளை முன்மாதிரியாக வைத்தே புரோம்ஹெக்சின் என்ற சளி இளக்கி உருவானது. அதிலிருந்து வந்தது அம்புராக்சால். மருந்துக் கடையில் நீங்கள் வாங்கும் இருமல் மருந்துப் புட்டியைத் திருப்பி எழுத்தைப் படித்துப் பாருங்கள், இந்தப் பெயர்களில் ஒன்று இருக்க நல்ல வாய்ப்புண்டு. ஆங்கில மருந்து என்று நினைத்துக் குடிக்கிறோம், அதன் பாட்டனார் நம் கொல்லையில் நிற்கிறார்.

நான்காம் கேள்வி: எவ்வளவு?

வெந்தயம் சர்க்கரையைக் குறைக்குமா? குறைக்கும் என்று ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் ஆய்வுகள் காட்டின. அதில் உள்ள நார்ச்சத்து, உணவிலிருந்து சர்க்கரை இரத்தத்தில் ஏறுவதை மெதுவாக்குகிறது. ஆனால் 1990இல் வந்த அந்த ஆய்வில் கொடுத்த அளவு ஒரு நாளைக்கு 100 கிராம் கொழுப்பு நீக்கிய வெந்தயப் பொடி. நாம் இரவில் ஊறவைத்துக் காலையில் விழுங்குவது ஒரு தேக்கரண்டி. இரண்டையும் ஒரே பெயரால் அழைத்து "வெந்தயம் சாப்பிடுகிறேன், மாத்திரையை நிறுத்திவிட்டேன்" என்று சொல்வோரை எனக்குத் தெரியும். அவர்களுக்கு ஆய்வின் முடிவு தெரியும், அதில் கொடுத்த அளவு தெரியாது.

சிறுகுறிஞ்சான் கொடியை நம் பகுதியின் புதர்க்காடுகளில் பார்க்கலாம். அதன் இலை ஒன்றை ஒரு நிமிடம் நன்றாக மென்று துப்பிவிட்டு, வாய் கொப்பளித்து, ஒரு சிட்டிகை சர்க்கரையை நாக்கில் வையுங்கள். மணலைப் போட்டதுபோல் இருக்கும். இனிப்பு மட்டும் மறைந்திருக்கும். உப்பு, புளிப்பு எல்லாம் பழையபடி தெரியும். அரைமணி நேரத்துக்குக் குறையாமல் இது நீடிக்கும். இனிப்பை உணரும் நாக்கின் ஏற்பிகளில் அதன் பொருள்கள் போய் அடைத்துக்கொள்வதால் வரும் விளைவு இது. ஊட்டியில் பணியாற்றிய டேவிட் ஹூப்பர் என்ற வேதியியலாளர் 1887இலேயே இந்த இலையை ஆராய்ந்து, அந்தப் பொருளுக்கு ஜிம்னிமிக் அமிலம் என்று பெயரிட்டார். ஒரு நூற்றாண்டு கழித்து, 1990இல், சென்னையில் ஈ. ஆர். பி. சண்முகசுந்தரம் குழுவினர் இலைச் சாரத்தை நாளுக்கு 400 மில்லிகிராம் வீதம், வழக்கமான மருந்தோடு சேர்த்து, 22 சர்க்கரை நோயாளிகளுக்கு ஒன்றரை ஆண்டுக்கு மேல் கொடுத்தார்கள். ஐந்து பேர் மாத்திரையை விட முடிந்தது. நம்பிக்கை தரும் செய்திதான். அதே எண் இன்னொன்றும் சொல்கிறது: பதினேழு பேரால் விட முடியவில்லை. இருபத்திரண்டு பேர் சிறிய கூட்டம். பெரிய அளவில் சோதிக்காமல் ஊருக்கெல்லாம் பரிந்துரைக்க முடியாது.

அளவு என்ற கேள்வியின் உச்சம் நித்தியகல்யாணி. மடகாஸ்கரிலிருந்து வந்து நம் வாசலில் குடியேறிய செடி. ஜமைக்காவில் இதன் இலைத் தேநீரைச் சர்க்கரை நோய்க்குக் குடிப்பார்கள் என்று கேள்விப்பட்டு, 1950களில் கனடாவின் மேற்கு ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தில் ராபர்ட் நோபிளும் சார்லஸ் பீரும் சோதித்தார்கள். எலிகளின் சர்க்கரை குறையவில்லை. வெள்ளை அணுக்கள் சரிந்தன. வேறொருவர் "பயனில்லை" என்று எழுதி மூடியிருப்பார். வெள்ளை அணுக்களைக் குறைக்கும் பொருள், அவை கட்டுமீறிப் பெருகும் புற்றுநோய்க்கு உதவுமே என்று அவர்கள் யோசித்தார்கள். வின்பிளாஸ்டின் பிறந்தது, அமெரிக்காவின் எலி லில்லி நிறுவனத்தில் நடந்த ஆய்வில் வின்கிரிஸ்டினும் வந்தது. குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய் சிகிச்சையில் வின்கிரிஸ்டின் இன்றும் முதல் வரிசை மருந்து. சுடுகாட்டு மல்லி என்றும் ஊரில் அழைக்கப்படும் செடி பிள்ளைகளைப் பிழைக்கவைக்கிறது.

ஆனால் ஒரு கிராம் மருந்துக்கு நூற்றுக்கணக்கான கிலோ காய்ந்த இலை வேண்டும். பிரித்தெடுத்த மருந்தையும் உடலின் அளவுக்கேற்பக் கணக்கிட்டு, இரத்தக் குழாயில் ஏற்றி, இரத்த அணுக்களைத் தொடர்ந்து எண்ணிப் பார்த்துத்தான் கொடுக்கிறார்கள். வாசல் செடியில் ஐந்து இலை பறித்துக் காய்ச்சிக் குடிப்பவருக்குப் புற்றுநோய் தீர்வதற்கு வேண்டிய அளவு கிடைக்காது. கிடைப்பதில் எவ்வளவு நஞ்சு என்பதும் தெரியாது.

ஐந்தாம் கேள்வி: யாருக்கு?

கருவுற்ற பெண்ணின் குமட்டலுக்கு இஞ்சி ஓரளவு உதவுகிறது என்பதற்கு நல்ல சான்றுகள் இருக்கின்றன. அதே பெண்ணுக்கு ஆடாதோடைக் கஷாயம் கொடுக்கக் கூடாது. சளியை இளக்கும் அதே வாசிசினுக்குக் கருப்பையைச் சுருங்கச்செய்யும் இயல்பும் உண்டு. நாட்டு மருந்து கொடுக்கும் பெரியவர்கள் முதலில் "மாசமா இருக்கியா?" என்று கேட்பது இதனால்தான்.

குப்பைமேனி பெயருக்கேற்பக் குப்பைமேட்டில் வளரும், யாரும் அதைப் பார்த்துப் பயப்படுவதில்லை. இலங்கையில் 1990களில் குப்பைமேனி சேர்ந்த கஞ்சி குடித்த சிலருக்குத் திடீரென்று இரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து, சிறுநீர் கருத்து, மருத்துவமனையில் சேர்க்க வேண்டிவந்ததை அங்குள்ள மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். அவர்களுக்குப் பிறவியிலேயே ஜி6பிடி என்ற நொதி குறைவு. அந்தக் குறையுள்ளவர்கள் நம்மிடையேயும் உண்டு. பெரும்பாலோருக்கு அது இருப்பதே தெரியாது. பக்கத்து வீட்டுக்காரர் குடித்து நன்றாக இருக்கிறார் என்பது எனக்குச் சான்று ஆகாது. உடல்வாகு பார்த்து மருந்து என்று சித்த மருத்துவம் சொன்னதை, நொதியின் பெயரோடு இன்று சொல்ல முடிகிறது.

சோதித்துப் பார்த்தால்

இந்த ஐந்து கேள்விகளும் ஒன்றாகச் சேர்ந்து வந்த கதை ஒன்றைச் சொல்லி முடிவுக்கு வருகிறேன். மறுபடியும் கீழாநெல்லிதான்.

மஞ்சள் காமாலை வைரஸ்களில் பி வகையைக் கண்டுபிடித்ததற்காக 1976இல் நோபல் பரிசு பெற்ற பரூக் பிளம்பெர்க், சென்னையில் எஸ். பி. தியாகராஜன் குழுவினரோடு சேர்ந்து இந்தச் செடியை ஆராய்ந்தார். 1988இல் லான்செட் இதழில் முடிவு வந்தது. பி வைரஸை நாட்பட உடலில் சுமந்தவர்களுக்கு முப்பது நாள் கீழாநெல்லி கொடுத்தார்கள். 37 பேரில் 22 பேருக்கு வைரஸின் அடையாளம் இரத்தத்திலிருந்து மறைந்தது. வெற்று மருந்து பெற்ற 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. உலகமே தமிழ்நாட்டுக் கொல்லையைத் திரும்பிப் பார்த்தது.

பிறகு தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் அதே ஆய்வைத் திரும்பச் செய்தார்கள். அந்தப் பயன் தென்படவில்லை. சிற்றினம் ஒன்றுதானா? மண் மாறியதால் சத்து மாறியதா? சாரம் எடுத்த முறை வேறா? நோயாளிகள் நோயின் வேறு கட்டத்தில் இருந்தார்களா? ஐந்து கேள்விகளும் வரிசையாக வந்து நின்றன. 2011இல் எல்லா ஆய்வுகளையும் ஒன்றுசேர்த்துப் பார்த்த காக்ரேன் மதிப்பாய்வு, நம்பத்தக்க சான்று இன்னும் இல்லை என்றே முடிவு கூறியது.

இதைக் கேட்டு மனம் சோர வேண்டியதில்லை. நாம் காமாலை என்று ஒரே பெயரில் சொல்லும் நோய்களில் ஏ வகை பெரும்பாலும் சில வாரங்களில் தானே தீரும். அப்போது எதைக் குடித்திருந்தாலும் பெயர் அதற்குப் போகும். பி வகை எப்போதும் அப்படியில்லை. சிலருக்குப் பல ஆண்டுகள் ஓசையில்லாமல் இருந்து கல்லீரலைச் சுருக்கிவிடும். அதற்குத் தடுப்பூசி இருக்கிறது, மருந்தும் இருக்கிறது. கண் மஞ்சளானால் முதலில் எந்த வகை என்று இரத்தத்தைச் சோதித்துத் தெரிந்துகொள்ளுங்கள். கீழாநெல்லியைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகு இருக்கட்டும். நிலவேம்புக் குடிநீருக்கும் இதே சொல். டெங்குக் காலத்தில் அரசே அதை வழங்கியது, குடிப்பதில் தவறில்லை. ஆனால் டெங்குவில் உயிரைக் காப்பது உடலின் நீர்ச்சத்தைச் சரியாகப் பார்த்துக்கொள்வதும் மருத்துவரின் கண்காணிப்பும். குடிநீர் குடித்துவிட்டோம் என்று அபாய அறிகுறிகளை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது.

நம் ஊரால் முடிந்தவை

இந்த நகரத்தில் தாவரவியல் துறை உள்ள கல்லூரிகள் பல இருக்கின்றன. உலகத்தரமான உலர்தாவரக் காப்பகம் இருக்கிறது. அரசு மருத்துவமனைகளில் சித்தப் பிரிவு இருக்கிறது. வாழைக்கென்று தேசிய மையம் இருக்கிறது. இவை எல்லாம் சில மைல் சுற்றளவுக்குள் இருந்தும் ஒன்றோடொன்று அதிகம் பேசிக்கொள்வதில்லை. மூன்று வேண்டுகோள்களை இந்த மேடையில் வைக்கிறேன்.

மாணவர்களே, ஆண்டுக்கு ஒரு பருவம், நம் நாட்டு மருந்துக் கடைகளில் விற்கும் பத்துச் சரக்குகளை வாங்கி, காப்பகத்துத் தாளோடு ஒப்பிட்டு, எது எந்தச் செடி என்று பட்டியல் போடுங்கள். கடைக்காரர்களைக் குற்றம் சாட்டுவதற்காகச் செய்ய வேண்டாம். அவர்கள் கையிலேயே அந்தப் பட்டியலைக் கொடுங்கள். நல்ல சரக்கு விற்கவே பெரும்பாலோர் விரும்புகிறார்கள்.

மருத்துவர்களே, எந்த முறையைச் சேர்ந்தவராக இருந்தாலும், நோயாளியிடம் "வேறு என்ன சாப்பிடுகிறீர்கள்?" என்று கோபமில்லாமல் கேளுங்கள். திட்டுவார் என்ற பயத்தில்தான் பலரும் கஷாயத்தை மறைக்கிறார்கள். மறைத்த கஷாயமும் எழுதிக்கொடுத்த மாத்திரையும் வயிற்றுக்குள் சந்திக்கும்போது என்ன ஆகும் என்பதற்கு மிளகின் கதையே போதும்.

பொதுமக்களே, உணவாக வரும் கீரையை, ரசத்தை, துவையலை அச்சமின்றிச் சாப்பிடுங்கள். முடக்கத்தான் தோசைக்கும் வல்லாரைத் துவையலுக்கும் எந்த ஆய்வறிக்கையும் தேவையில்லை. அதே செடி பொடியாகவோ மாத்திரையாகவோ செறிவாகவோ வந்து, நோயின் பெயரைச் சொல்லி உங்களிடம் விலை கேட்கும் அந்த நொடியிலிருந்து அது மருந்து. அதன்பின் ஐந்து கேள்விகளையும் கேளுங்கள். பதில் சொல்பவரிடம் வாங்குங்கள். கேள்வி கேட்டதற்கே கோபித்துக்கொள்பவரிடம் எதையும் வாங்காதீர்கள்.